ஒரே வேர்க்கட்டை, இரண்டு வீடு: சாட்ஸ்வர்த் அஸ்பராகஸ் ஏன் மெலிந்தது?

தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய சாட்ஸ்வர்த்தில் அப்பா. ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே லெனேஷியாவில் மகள். இருவரும் ஒரே நர்சரியில் ஒரே பெட்டியில் வந்த இருபது அஸ்பராகஸ் வேர்க்கட்டைகளை ஆளுக்குப் பத்தாகப் பிரித்துக்கொண்டு, இங்கே குளிர்காலம் முடியும் ஆகஸ்ட் மாதத்தில் நட்டார்கள். வகை யூசி 157. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது, வெப்பப் பகுதிகளுக்கு ஏற்றது என்று பெயர் வாங்கியது. மூன்றாவது வசந்தத்தில் மகள் வீட்டில் பத்தில் ஒன்பது செடிகள் கட்டை விரல் பருமனில் குருத்து விட்டன. அப்பா வீட்டில் மிஞ்சியது நான்கு. அவையும் கோரைப்புல் கனத்தில்தான் முளைத்தன.

இதில் யாரும் எதிர்பார்க்காத விஷயம், இருவரில் தோட்டக்காரர் அப்பாதான். மாமா என்றே அவரைச் சொல்கிறேன், இங்கே எல்லாருக்கும் அவர் மாமா. அவருடைய தாத்தா உம்கேனி ஆற்றங்கரையில், ஸ்பிரிங்ஃபீல்டு பக்கம் காய்கறி போட்டு வார்விக்கில் உள்ள விடியற்காலைச் சந்தையில் விற்றவர். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த நிறவெறிக் காலத்துக் குழுப் பகுதிச் சட்டம் அந்தக் குடும்பங்களைக் கிளப்பியபோது இவர்கள் சாட்ஸ்வர்த் மேட்டுக்கு வந்தார்கள். கிடைத்த சரிவு நிலத்தில் படி வெட்டி, கல் அடுக்கி, கீரை, கத்தரி, டபுள் பீன்ஸ், கொத்தமல்லி என்று இன்றுவரை வீட்டுக்குக் காய் வாங்காமல் ஓட்டுகிறார் மாமா. மகளுக்கோ காலையில் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வீடு. பாத்தியை வாரம் ஒருமுறை பார்த்தாலே அதிகம்.

அப்படியிருந்தும் ஏன் இப்படி ஆனது என்று பார்க்கத்தான் பாத்தியைத் தோண்டினோம். தோண்டியதில் தெரிந்ததும், அதற்கப்புறம் செய்ததும் இங்கே.

தோண்டியதில் தெரிந்தது

அஸ்பராகஸை வாங்கும்போது கையில் வருவது நடுவில் மொட்டுகள் நெருங்கிய ஒரு கட்டையும், அதைச் சுற்றித் தொங்கும் சதைப்பற்றுள்ள வேர்களும். செடியின் சேமிப்பு முழுவதும் அந்த வேர்களில்தான். கோடையில் தழை வெயிலை வாங்கிச் சர்க்கரை செய்து கீழே இறக்கும். அடுத்த வசந்தத்தில் நாம் வெட்டித் தின்னும் குருத்து போன கோடையின் சேமிப்பிலிருந்து வருவது. இலை வருவதற்கு முன்னாலேயே குருத்தை ஒடித்துவிடுவதால், வெட்டும் காலத்தில் செடிக்குச் செலவு மட்டும்தான், வரவு கிடையாது. நியூசிலாந்தில் வேர்ச் சாற்றின் இனிப்பளவைக் கருவியில் பார்த்து, சேமிப்பு எவ்வளவு இருக்கிறது என்று கணித்து, வெட்டுவதை எப்போது நிறுத்தலாம் என்று விவசாயிகளுக்குச் சொல்லும் முறையே இருக்கிறது.

மாமாவின் பாத்தியில் ஒரு செடியை முள்மண்வெட்டியால் சுற்றிலும் நெம்பி முழுசாக எடுத்தோம். நல்ல வேர் பென்சில் பருமனில் விறைப்பாக இருக்கும். குறுக்கே வெட்டினால் உள்ளே வெள்ளையாக ஈரம் கசியும். இங்கே பாதி வேர்கள் சாறு உறிஞ்சிப் போட்ட முருங்கைக்காய்ச் சக்கையாக இருந்தன. விரலால் அழுத்தினால் தோல் மட்டும் தட்டையாக ஒட்டிக்கொண்டது, உள்ளே ஒன்றுமில்லை. கட்டையைக் கத்தியால் நெடுக்காகப் பிளந்தபோது நடுவே செம்பழுப்பு நிறத்தில் கறை ஓடியிருந்தது. ஃபியூசேரியம் பூஞ்சையின் வேரழுகலுக்கு அது பழகிய அடையாளம். மாமா அந்தத் துண்டை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, "இது செத்து நாளாச்சு. நான்தான் இன்னும் தண்ணி விட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார்.

ஃபியூசேரியம் அநேகமாக எல்லா அஸ்பராகஸ் மண்ணிலும் இருக்கும். தெம்பாக இருக்கும் செடி அதோடு காலத்தை ஓட்டிவிடும். இளைத்த செடியைத்தான் அது சாய்க்கும். ஆகவே பூஞ்சை வந்தது எப்படி என்று அலைவதைவிட, செடி இளைத்தது எதனால் என்று பார்ப்பதுதான் வழி.

எதனால் இளைத்தது

ஒரே காரணம் என்று விரல் நீட்ட முடியவில்லை. ஆனால் எல்லாவற்றிலும் பெரியது ஒன்று: இந்தச் செடிக்கு ஓய்வே கிடைக்கவில்லை.

காய்கறி அஸ்பராகஸ் ஐரோப்பாவிலிருந்து மேற்கு ஆசியாவரை, கடுங்குளிர்காலம் உள்ள நாடுகளில் தானாக வளர்ந்த செடி. வருஷத்தில் சில மாதங்கள் அது மேலே காய்ந்து, கீழே உறங்கி, மண் கிட்டத்தட்ட 10 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறும்போது விழிக்கும். லெனேஷியா கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் அளவில் இருக்கிறது. மே மாதக் கடைசியில் உறைபனி விழும், குளிர்காலம் முழுக்க மழை கிடையாது. மகள் பாத்தியில் ஜூன் மாதத்துக்குள் தழை பொன் மஞ்சளாகிப் பிறகு வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். தழை மஞ்சளாகும் அந்த வாரங்களில்தான் மிச்சச் சத்தெல்லாம் வேருக்கு இறங்குகிறது. நன்றாகக் காய்ந்த பிறகு, ஜூலையில், தரையோடு வெட்டி எடுத்துவிட்டு மேலே சாணி உரம் பரப்பி விடுவார். அவ்வளவுதான் அவர் செய்தது.

டர்பனில் உறைபனி என்பது கேள்விப்படும் சமாச்சாரம். ஜூலையில்கூடப் பகல் வெயில் 22 டிகிரி வரை போகும், இரவில் சராசரியாக 11 டிகிரி அளவுக்கு இறங்கும். செடிக்கு உறங்கச் சொல்லி யாரும் சொல்வதில்லை. ஆனால் கடற்கரையிலும் குளிர்காலம் வறட்சியானதுதான், ஜூன், ஜூலையில் மழை ரொம்பவும் குறைந்துவிடும். குளிர் செய்ய வேண்டியதை வறட்சி ஓரளவு செய்துகொடுக்கும். பெரு நாட்டின் பாலைவனக் கரையோரத்தில் குளிரே இல்லாமல் அஸ்பராகஸ் பயிராவது இப்படித்தான்: பாசனத்தை நிறுத்திச் செடியைக் காயவிட்டு உறங்க வைக்கிறார்கள்.

அந்த வறட்சியும் மாமாவின் செடிக்குக் கிடைக்கவில்லை. காரணம் பக்கத்துப் பாத்தி. டர்பனில் கொத்தமல்லிக்கு ஏற்ற காலம் குளிர்காலம். தினமும் சாயங்காலம் ஹோஸ் பைப்பை எடுத்தால் கொத்தமல்லிக்கு விட்ட கையோடு அஸ்பராகஸுக்கும் ஒரு சுற்று. வாடியதாகத் தெரிந்தால் இன்னொரு சுற்று. ஆக ஜூலையிலும் பச்சைத் தழை, ஜூலையிலும் குருத்து. முளைத்ததைப் பார்த்தால் மாமிக்குக் கை சும்மா இருக்குமா? கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்து வாரத்துக்கு இரண்டு தடவை பொரியல். மெலிந்த குருத்தாக இருக்கிறதே என்று மாமா கூடுதலாகக் கோழி எரு போட்டார். எரு தழையை நீட்டியது, உறக்கத்தை இன்னும் தள்ளிப்போட்டது.

மகளும் அப்பாவும் போனில் பேசியதை அருகில் இருந்து கேட்டேன்.

"அப்பா, முதல்ல தண்ணிய நிறுத்துங்க."

"தண்ணி இல்லாம எப்படிம்மா வரும்? செடி வாடுது பாரு."

"வாடட்டும்பா. என் வீட்டுல காஞ்சு சருகாகி நிக்குது. வசந்தத்துல வருதா இல்லையா?"

மாமா பதில் சொல்லவில்லை. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆறு வாரத்தில் பிடுங்கி, மறுபடி விதைத்து, தினம் தண்ணீர் விட்டு, இடைவெளியே இல்லாமல் நிலத்தை ஓட்டுவதுதான் சந்தைத் தோட்டக்காரனின் திறமை. மூன்று தலைமுறை அந்தக் கையில் ஊறியிருக்கிறது. பதினைந்து, இருபது வருஷம் ஒரே இடத்தில் நிற்கக்கூடிய ஒரு செடியிடம் அதே கையைக் காட்டினால்தான் சிக்கல்.

"திண்ணையில தொங்குற செடியும் இதே சாதிதானே, அதுக்கு யார் குளிரு குடுத்தா?" என்று என்னிடம் ஒரு கேள்வி போட்டார். நல்ல கேள்வி. டர்பன் வீடுகளின் முன்வாசலில் தொட்டியில் வழிந்து தொங்கும் ஸ்ப்ரெங்கெரி, பூங்கொத்துக்குப் பின்னால் வைக்கும் மெல்லிய தழை, ஊரில் நாம் மருந்துக்குத் தோண்டும் தண்ணீர்விட்டான் கிழங்கு, எல்லாம் அஸ்பராகஸ் பேரினம்தான். ஆனால் ஸ்ப்ரெங்கெரி இந்தக் கரையோரத்தின் சொந்தச் செடி. அதற்கு இந்தக் குளிர்காலமே பழக்கம். தட்டுக்கு வரும் அஸ்பராகஸ் வேறு நாட்டுப் பழக்கத்தோடு வந்தது.

மண்ணும் நீரும்

மற்ற காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாத்தி இருந்தது கீழ்ப்படியில். கூரைத் தண்ணீர் இறங்கும் வழியும் அதுவே. டர்பனில் வருஷத்துக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் மழை, பெரும்பகுதி கோடையில் கொட்டுகிறது. களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் அஸ்பராகஸ் வேருக்கு மூச்சு முட்டும், அழுகல் உள்ளே நுழையும்.

அடுத்தது புளிப்பு. மண்ணைப் பையில் போட்டு சிடாராவில் உள்ள மாகாண வேளாண் துறை ஆய்வகத்துக்கு அனுப்பினோம். முடிவு வந்தபோது பிஎச் (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.5ஐ ஒட்டி இருந்தது. இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. தென்னாப்பிரிக்க ஆய்வகங்கள் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் பிஎச் பார்க்கின்றன. தண்ணீரில் பார்க்கும் அளவைவிட அது பாதி முதல் ஒரு புள்ளி வரை குறைவாகவே காட்டும். கடையில் வாங்கிய சோதனைத் தாளோடு ஒப்பிட்டு ஆய்வகம் தப்பு என்று சண்டைக்குப் போகக் கூடாது. எந்தக் கணக்கில் பார்த்தாலும் மாமாவின் மண் புளிப்புதான். தண்ணீர்க் கணக்கில் 6.5 முதல் 7.5 வரை அஸ்பராகஸுக்குப் பிடித்த இடம், 6க்குக் கீழே போனால் முரண்டு பிடிக்கும்.

அப்புறம் உப்பு. அஸ்பராகஸ் உப்பைத் தாங்கும் என்பது உண்மை. அதனால் பழைய காலத்தில் களை சாக உப்பைத் தூவியிருக்கிறார்கள். யாரோ சொன்னதைக் கேட்டு மாமாவும் கடல்நீரைக் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார். தாங்குவது வேறு, தேவைப்படுவது வேறு. உப்பில் உள்ள சோடியம் களிமண்ணின் கட்டமைப்பைக் குலைத்து இறுக்கிவிடும். தண்ணீர் வடியாத மண்ணில் இது இன்னொரு அடி.

புதுப் பாத்தி

பழைய இடத்திலேயே திருத்தி நடலாமே என்று மாமா கேட்டார். வேண்டாம் என்றேன். அஸ்பராகஸ் வேர்கள் மண்ணில் விட்டுச்செல்லும் சில பொருள்கள் அதே இனத்தின் இளஞ்செடியை வளரவிடாது, ஃபியூசேரியமும் பல வருஷங்கள் மண்ணிலேயே கிடக்கும். மேல்படியில், காலை முதல் வெயில் படும் இடத்தில், பழைய கற்களை அடுக்கி ஒரு முழ உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டினார். கல் அடுக்குவதில் மாமாவை மிஞ்ச ஆளில்லை. பார்த்துக்கொண்டே நிற்கலாம். மண்ணோடு ஆற்று மணல், நன்றாக மட்கிய மாட்டுச் சாணம், ஆய்வகம் சொன்ன அளவில் டோலமைட் சுண்ணாம்பு. சுண்ணாம்பு வேலை செய்ய மாதக்கணக்காகும் என்பதால் அதைக் குளிர்காலத்திலேயே கலந்துவிட்டார்.

இந்த முறை வேர்க்கட்டை வாங்கவில்லை, விதை. வேர்க்கட்டையோடு நோயும் சேர்ந்து வரும் வாய்ப்பு உண்டு. விதையில் அது மிகக் குறைவு. விலையும் கொஞ்சம்தான். நஷ்டம் என்றால் ஒரு வருஷம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். ஆகஸ்டில் விதையை இரவு முழுக்க ஊறவைத்துச் சிறு தொட்டிகளில் போட்டார். முளைக்க இரண்டு மூன்று வாரம் ஆனது. நவம்பரில் ஒரு சாண் உயரத்துக்கு வந்த நாற்றுகளை 40 சென்டிமீட்டர் இடைவெளியில், ஆழமான பள்ளத்தின் அடியில் வைத்து, செடி உயர உயர மண்ணை இறக்கிப் பள்ளத்தை மூடிக்கொண்டே வந்தார். வேர்க்கட்டையாக இருந்தால் 15 சென்டிமீட்டர் அளவு ஆழத்தில் வைத்து இதேபோல மூட வேண்டும்.

முதல் வருஷம் ஒரு குருத்தும் வெட்டவில்லை. மாமி கத்தியோடு வந்து நின்றதும், மாமா "இது பார்க்கத்தான், சமைக்க இல்ல" என்று திருப்பி அனுப்பியதும் தனிக் கதை.

மே மாதம் வந்தது. கொத்தமல்லி கீழ்ப்படியில், அஸ்பராகஸ் மேல்படியில். ஹோஸ் பைப் அங்கே எட்டாது. அது தற்செயல் இல்லை, திட்டம் போட்டுச் செய்ததுதான்.

தாய்த்தழை முறை

உறைபனி ஊரில் வழக்கமான கணக்கு சுலபம். வேர்க்கட்டை நட்ட முதல் வருஷம் வெட்டக் கூடாது. இரண்டாம் வருஷம் இரண்டு வாரம், மூன்றாம் வருஷம் ஆறு வாரம், அதற்குமேல் எட்டு வாரம் வரை. குருத்துகளில் பாதிக்குமேல் பென்சிலைவிட மெலிந்துவிட்டால் தேதி பார்க்காமல் நிறுத்திவிட வேண்டும். லெனேஷியாவில் இப்படித்தான் நடக்கிறது. செப்டம்பரில் தொடங்கி நவம்பர் தொடக்கத்தில் முடிகிறது. ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் ஃபிக்ஸ்பர்க் பக்கம் அஸ்பராகஸ் பயிராவதற்கும் இதே உயரமும் இதே குளிரும்தான் அடிப்படை.

டர்பனுக்கு இது முழுதாகப் பொருந்தாது. வறட்சி தரும் உறக்கம் அரைகுறை உறக்கம், சேமிப்பும் அதற்கேற்ற அளவுதான். அதனால் தைவான், தாய்லாந்து போன்ற வெப்ப நாடுகளில் செய்யும் முறையை எடுத்துக்கொண்டோம். அங்கே சேமிப்பை மட்டும் நம்புவதில்லை. ஒவ்வொரு செடியிலும் சில தண்டுகளைத் தழையாக நிற்கவிட்டு, அவை அன்றாடம் சம்பாதிப்பதில் புதுக் குருத்துகளை வளரவிட்டு அவற்றை வெட்டுகிறார்கள்.

இரண்டாவது குளிர்காலம் முடிந்து செப்டம்பரில் குருத்து வந்ததும், ஒரு செடிக்கு நல்ல பருமனான நான்கைத் தேர்ந்தோம். ஒரே மூலையில் நெருங்கி நிற்கும் நான்கு ஆகாது, கட்டையின் நாலு பக்கமும் பரவி நிற்க வேண்டும். அவற்றை வளரவிட்டு, இருபுறமும் கழி நட்டுக் கயிறு கட்டித் தாங்கல் கொடுத்து, நெஞ்சளவு உயர்ந்ததும் நுனியைக் கிள்ளினார் மாமா. தரையிலிருந்து ஒரு முழம் வரை பக்கக் கிளைகளை எடுத்துவிட்டார், காற்று ஓடவேண்டும் அல்லவா. தழை முழுதாக விரிந்த பிறகு வந்த குருத்துகளை மட்டும் வெட்டினார்கள். ஜனவரியில் பழைய தழை மங்கியபோது புதிதாக நான்கு தண்டுகளை விட்டு, அவை விரிந்ததும் பழையவற்றை வெட்டி, மேலே மட்கிய உரம் போட்டார்கள். ஏப்ரலோடு கத்திக்கு விடுமுறை. அதற்குமேல் வந்ததெல்லாம் தழைக்கு, தழை செய்வதெல்லாம் வேருக்கு.

இந்தக் காலத்தில் தண்ணீர் குறையக் கூடாது என்பதையும் சொல்லவேண்டும். ஓய்வு என்பது மே முதல் ஜூலை வரை மட்டும். குருத்தும் தழையும் வரும் மாதங்களில் வறட்சி விட்டால் குருத்து நாராகிவிடும்.

இரண்டு தொல்லைகள் வந்தன. ஜனவரி, பிப்ரவரி ஈரக்காற்றில் தழையின் அடிப்பகுதியில் சாம்பல் நடுவும் செம்பழுப்பு ஓரமுமாகப் புள்ளிகள் தோன்றி, ஊசி இலைகள் கீழிருந்து மேலாக உதிர்ந்தன. செர்கோஸ்போரா இலைக்கருகல். பாதித்த தண்டுகளை வெட்டிக் குப்பை வண்டியில் போட்டோம், கம்போஸ்ட் குழிக்கு அனுப்பவில்லை. தண்ணீரைத் தழைமேல் படாமல் வேரடியில் விட்டதும், தாமிரப் பூஞ்சைக்கொல்லியை லேபிளில் சொன்ன அளவில் தெளித்ததும் போதுமானதாக இருந்தது. ஈரக் கோடையில் இது வருஷம் தவறாமல் வரும் என்றே எதிர்பார்க்கிறேன்.

இன்னொன்று வெயில். சூடான நாளில் குருத்தின் நுனி சீக்கிரமே அவிழ்ந்து தழையாகத் தொடங்கும். லெனேஷியாவில் 20 சென்டிமீட்டர் வரை இறுக்கமாக நிற்கும் நுனி, டிசம்பர் டர்பனில் 15லேயே விரிய ஆரம்பித்துவிடும். ஆகவே உயரத்தைப் பார்க்காமல் நுனியைப் பார்த்து வெட்ட வேண்டும், காலை ஒருமுறை மாலை ஒருமுறை. வெட்டியதை உடனே தண்ணீரில் நிறுத்தி ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். குருத்தின் இனிப்பு அறை வெப்பத்தில் மணிக்கணக்கில் இறங்கும்.

இப்போதைய நிலை

மாமாவின் புதுப் பாத்தியில் நட்டதெல்லாம் நிற்கிறது. குருத்து பெரும்பாலும் பென்சில் பருமன், சிலது விரல் பருமன். மகள் வீட்டுக் குருத்தின் பக்கத்தில் வைத்தால் இளைத்ததுதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரண்டு பேருக்கு ஒரு பொரியல் அளவு கிடைக்கிறது. அந்த விதத்தில் லெனேஷியாவைவிட மாமாவுக்கு லாபம்: அங்கே எட்டு வாரத்தில் குவிந்து முடிந்துவிடுவது இங்கே ஏழெட்டு மாதம் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் எது அதிகம் என்று அப்பாவும் மகளும் இன்னும் வாதாடுகிறார்கள். எடைபோட்டுச் சொல்லச் சொன்னால் இருவரும் தட்டிக்கழிக்கிறார்கள்.

ஆயுள் விஷயத்தில் மகள் பக்கம்தான் ஜெயிக்கும். வெப்பப் பகுதிகளில் இடைவிடாமல் உழைக்கும் செடி, குளிர் நாட்டுச் செடியைவிட வெகு சீக்கிரம் ஓய்ந்துவிடும். அதனால் மாமா இப்போதே அடுத்த பாத்திக்கு வேறோர் இடம் பார்த்து வைத்திருக்கிறார். பழைய இடத்தில் மக்காச்சோளமும் பீன்ஸும்.

சாப்பிட்ட பிறகு சிறுநீரில் வரும் வாடையைப் பற்றி மாமி ரகசியமாக என்னிடம் விசாரித்தார். சிறுநீரகக் கோளாறோ என்று பயந்திருக்கிறார். அஸ்பராகஸில் உள்ள ஒரு கந்தக அமிலம் செரிக்கும்போது வரும் வாடை, கெடுதல் ஒன்றுமில்லை. மாமாவுக்கு அந்த வாடை தெரிவதே இல்லையாம். சிலர் மூக்குக்கு அது எட்டாது.

லெனேஷியாவும் பிரச்சினை இல்லாத இடம் என்று நினைத்துவிட வேண்டாம். செப்டம்பர் தொடக்கத்தில் தாமதமாக விழுந்த உறைபனியில் வெளியே வந்திருந்த குருத்தெல்லாம் ஒரே இரவில் கொழகொழத்துப் போனது. கட்டை பத்திரமாக இருந்ததால் மறுபடி முளைத்தது. ஒரு கோடையில் ஆலங்கட்டி மழை தழையை அடித்து நொறுக்கியது. அடுத்த வசந்தத்தில் வெட்டுவதை இரண்டு வாரம் முன்னதாகவே நிறுத்தி ஈடுகட்டினார். அங்கே பெண் செடிகளும் சில இருக்கின்றன, மே மாதத்தில் சிவப்புப் பழம் பிடிக்கும். விதைக்குச் சத்தைச் செலவழிப்பதால் ஆண் செடியைவிட விளைச்சல் கொஞ்சம் குறைவு, விழுந்த விதை முளைத்துக் களையாகவும் நிற்கும். பழம் தின்னத் தகாதது, பிள்ளைகள் உள்ள வீட்டில் பறித்துப் போட்டுவிடுவது நல்லது.

அந்தப் பழத்தில் ஒரு பிடியை மகள் காயவைத்து அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறார். யூசி 157 கலப்பின வகை, அதன் விதையிலிருந்து வருபவை ஒன்றுபோல இருக்காது என்று சொல்லிப் பார்த்தேன். "பத்துல ரெண்டு இந்த ஊருக்குப் பிடிச்சதா வந்தா போதும், அதுல விதை எடுத்துக்கிறேன்" என்றார் மாமா. ஆகஸ்டில் விதைக்கப்போகிறார்.